ஏழாம் நம்பர் டியூப்

“என்னப்பா கூத்து இது?”

லேப் டாக்டர் டியூபைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே பிளாஸ்மா தண்ணீராக ஓடியது.

“உறையவே இல்ல. நீ ‘பாசிட்டிவ்’னு எழுதி வச்சிருக்கே!”

“நேத்து நாலு மணி நேரம் கழிச்சுப் பார்த்தப்ப நல்லா உறைஞ்சிருந்தது சார். ராத்திரியில கரைஞ்சிருக்கு” என்றான் டெக்னீஷியன்.

பச்சிளங்குழந்தை வார்டில் மூன்று குழந்தைகளுக்குச் சீழ்க்கொப்புளம். அங்கே போய்வரும் ஒன்பது பேரின் மூக்கிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியைத்தான் ஆளுக்கொரு டியூபாக, பெயரில்லாமல் நம்பர் மட்டும் போட்டு, பிளாஸ்மாவில் கலந்து வைத்திருந்தார்கள். உறைந்தால் அது பொல்லாத கிருமி. அதைச் சுமப்பவர் பத்து நாள் வார்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

“உறைய வச்ச கிருமியே சில சமயம் கரைச்சும் விடும், எனக்கும் தெரியும். ஆனா உறைஞ்சதை யார் பார்த்தா?”

“நான் மட்டும்தான் சார்.”

“அதானே!”

டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவன் மனைவிக்குக் குறைப்பிரசவம். குழந்தை அந்த வார்டில்தான். முந்தாநாள் நேரங்கெட்ட நேரத்தில் எட்டிப் பார்க்கப் போனவனை, ‘இதென்ன பொருட்காட்சியா?’ என்று ஹெட் நர்ஸ் விரட்டியது ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

“அந்தம்மா மேல கோபம்னா நேர்ல போய்ச் சண்டை போடு. டியூபை வச்சுப் பழி தீர்க்காதே.”

“ஐயையோ! அக்கா மூணாம் நம்பர் சார். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

டாக்டர் ஒரு கணம் தடுமாறினார். அவசரப்பட்டு விட்டோமோ? இருந்தாலும் பேச்சை விட மனம் வரவில்லை.

“யாரா இருந்தா என்ன? நீ ஒருத்தன் பார்த்தேங்கிறதுக்காக ஒரு மனுஷனை ஒதுக்கி வைக்க முடியுமா? மறுபடி டெஸ்ட் போடு. நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.”

“போட்டுடலாம் சார். ஆனா முடிவு தெரியிற வரைக்கும் ஏழாம் நம்பரை உள்ளே விட வேணாம்.”

“அப்படி யாருய்யா அது, உனக்கு இவ்வளவு ஆகாதவன்?”

டெக்னீஷியன் பெயர்ப் பட்டியலை எடுத்து நீட்டினான்.

ஏழுக்கு நேரே அவனுடைய பெயரே இருந்தது.

“இன்னிக்குத்தான் சார், குழந்தையை முதல் தடவையா என் கையில தர்றேன்னு அக்கா சொல்லியிருந்தாங்க.”