ஒயில் மாற்றத் தெரிந்த மாப்பிள்ளை

“காருக்கு ஒயில் எங்க மாத்துறனீர், தம்பி?”

பெண்ணின் அப்பா சபாரத்தினம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகுதான் வரும் என்று கல்யாணம் பேசிவைக்கும் பாலாம்பிகை மாமி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். லண்டனின் மிச்சம் பகுதிக் கோயிலில், அன்னதான மண்டபத்தில் பெண் வீட்டாரும் பிரியந்தனும் ‘தற்செயலாக’ச் சந்தித்துக்கொள்வதற்கு மூன்று வாரம் முன்பே நாள் குறித்தவரும் அவர்தான்.

“அந்த மனுசன் காரை வைச்சுத்தான் ஆளை நிறுக்கும்,” என்று மாமி சொல்லியிருந்தார். “முதல் வந்த பெடியன் கார்க் கொம்பனியிலேயே குடுத்து மாத்துறன் எண்டான். ஊதாரி எண்டு கழிச்சுப்போட்டார். அடுத்து வந்தவன் காருக்குக் கீழ படுத்துத் தானே மாத்துறன் எண்டான். கஞ்சன் எண்டிட்டார். நீர் நடுவால போம்.”

நடுவால் போவது எப்படி என்று யோசித்தே பிரியந்தனுக்கு அந்த மூன்று வாரமும் போனது. பெண் கம்சிகாவோடு இரண்டு தரம் போனில் பேசியிருந்தான். இரண்டு தரமும் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. அது ஒரு போத்தல் ஒயிலில் வழுக்கிப் போய்விடக் கூடாது. குட்மேய்ஸ் முதல் தான் இருக்கும் குரோய்டன் வரை பதினொரு கராஜ்களுக்குப் போன் எடுத்து விலை கேட்டான். கட்டம் போட்டு எழுதினான். எழுதியதில் சந்தேகம் வந்து மறுபடியும் எடுத்துக் கேட்டான். ஒரு கராஜ்காரர் குரலிலேயே ஆளைப் பிடித்து, “தம்பி, நீர் இன்னும் முடிவெடுக்கேல்லையோ?” என்றார்.

“சொல்லும் தம்பி,” என்றார் சபாரத்தினம், மோதகத்தைப் பிட்டபடி.

“டொயோட்டாதானே, அங்கிள். கொம்பனியில குடுத்தா நூற்றி எண்பது பவுண்ஸ் கேக்கிறாங்கள். ரயர் கடைக்காரர் முப்பத்தொன்பது எண்டு விளம்பரம் போடுறாங்கள். போய் நிண்டா ஃபில்டருக்கு வேற, வரிக்கு வேற.”

“பழைய ஒயிலைக் கொண்டுபோய் எறியிறதுக்கும் வேற,” என்று சபாரத்தினம் எடுத்துக் கொடுத்தார். முகம் லேசாக மலர்ந்திருந்தது. “அப்ப எங்கட ஆக்களிட்டப் போறனீரோ?”

இது பொறி என்று பிரியந்தனுக்குத் தெரிந்தது. ஓம் என்றால் ஏமாளி. இல்லை என்றால் சனத்தை மறந்தவன். ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொண்டான்.

“எங்கட ஆக்களிட்டத்தான், அங்கிள். ஆனா எங்கட ஆளாய்ப் போகக் கூடாது. முதல் இங்கிலீசில விலை கேட்டு, எழுதி வாங்கிப்போட்டுத்தான் தமிழில வாயைத் திறக்க வேணும்.”

“ஏன் அப்பிடி?”

“முதலே தமிழில கதைச்சா, ‘உங்களுக்கு நான் விலை சொல்லுவனோ, பாத்துத் தாங்கோ’ எண்டுவினம். லண்டனில ஆகக் கூடின விலை அந்தப் ‘பாத்துத் தாங்கோ’தான்.”

சபாரத்தினம் தட்டைக் கீழே வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். “கேட்டீரே? இதைத்தான் நான் இவ்வளவு காலமும் சொல்லுறன்.”

“ஓம், ஓம், சொல்லுறனீங்கள்,” என்றாள் மனைவி.

“சரி, முடிவா எந்தக் கராஜ்?”

“ஃபாரஸ்ட் கேட்டில ஒருத்தர் இருக்கிறார். எல்லாம் சேர்த்து அறுபத்தைஞ்சு.”

“குரோய்டனில இருந்து ஃபாரஸ்ட் கேட்டுக்கோ? போய்வாற பெற்றோல் ஆர் தாறது?”

அத்தனை கட்டங்கள் போட்ட பிரியந்தன் பெற்றோலுக்கு ஒரு கட்டம் போடவில்லை. பக்கத்தில் மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“அங்க அக்கா இருக்கிறா, அங்கிள்,” என்றான் மெதுவாக. “அக்காவைப் பாக்கப் போற நாளிலதான் மாத்துறது. பெற்றோல் பாசத்தின்ர கணக்கு. ஒயிலின்ர கணக்கில வராது.”

சபாரத்தினம் தொடையில் தட்டிச் சிரித்தார். மாமி கண்ணைத் திறந்தார்.

தாய்க்குப் பக்கத்தில் இருந்த கம்சிகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அப்பா, இவரின்ர கார் வெளியிலதானே நிக்கும்? ஒருக்கா என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கோவன். நீங்கள் சத்தத்திலேயே எல்லாம் சொல்லுவீங்களே.”

“சரியான தூரத்தில, நாலு றோட்டுத் தள்ளி விட்டிட்டு வந்தனான்,” என்றான் பிரியந்தன். தண்ணீரை மறுபடியும் எடுத்துக் குடித்தான்.

“பிள்ளை, சும்மா இரும்,” என்றார் சபாரத்தினம் பெருந்தன்மையோடு. “கோயிலுக்கு வந்த இடத்தில பெடியனை வெயிலில இழுக்கிறதே. அது பிறகு பாக்கலாம்.”

கம்சிகா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

எழுந்து கைகழுவும்போது சபாரத்தினம் மாமியிடம் சொல்வது பிரியந்தனின் காதில் விழுந்தது. “பெடியன் விசயம் தெரிஞ்சவன்தான். எண்டாலும் ஒரு கிழமை தாங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்.”

ஒரு கிழமை. ஏழு முழு நாள். எதில் பிழைவிட்டோம், பெற்றோலிலா, பாசத்திலா என்று குழம்பியபடியே வெளியேறி நடந்தான் பிரியந்தன். கார் இருக்கட்டும், கார் ஓட லைசென்ஸ்கூட இன்னும் எடுக்காதவன், குரோய்டன் ட்ராமுக்காக மேடையில் போய் நின்றான்.

தண்டவாளத்துக்கு அப்பால், எதிர் மேடையில், மனைவியோடும் சிரிப்பை அடக்க முடியாமல் நின்ற கம்சிகாவோடும் விம்பிள்டன் ட்ராமுக்குக் காத்திருந்த சபாரத்தினம், அவனைக் கண்டதும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் காரை வித்து நாலு வருசம், தம்பி,” என்றார். “எங்களுக்குச் சம்மதம். கார் இல்லாத கதையை மாமியிட்ட மட்டும் சொல்லிப்போடாதையும்.”