மூன்று விசில்

இந்த வருஷம் அவள் நிற்கப் போவதில்லை. யார் எதை ஊதினாலும் சரி.

போட்டிச் சைக்கிள் தேயிலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதை ஓராள் அகலம்தான். இரண்டு பக்கமும் சனம். தட்டும் கரண்டியும், மாட்டு மணி, திருவிழாக் கடைப் பீப்பி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து காதைக் கிழித்தார்கள்.

கிழிக்கட்டும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். கால் ஓயும் நேரத்தில் அதுதான் தள்ளிவிடும்.

விசில்தான் பிடிக்காது.

விசில் பாதைக் காவலர்களுக்கு உரியது. மூன்று முறை ஊதினால் முன்னால் ஆள் விழுந்து கிடக்கிறது, நில் என்று அர்த்தம்.

போன வருஷம் மூன்று கேட்டது. நின்றாள். விழுந்தவரும் இல்லை, காவலரும் இல்லை. எவனோ குஷியில் ஊதியிருக்கிறான். நாலு நொடி போச்சு. மாநில அணியில் இடமும் போச்சு.

அன்றைக்கு அழுததை நினைத்தால் இன்னமும் அவமானமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு கோச் தர்மசீலன் தினமும் பாதையோரம் நின்று விசில் ஊதுவார். அவள் நிற்காமல் இறங்கிப் பழகினாள். ஊதி ஊதி அவருக்கே தாடை வலித்தது.

பாதி வழியில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. நேரக் கணக்கில் இதுவரை அவள்தான் முதல்.

எட்டாவது வளைவு. பாறை மறைப்பதால் அப்பால் எதுவும் தெரியாது.

ப்ரீ. ப்ரீ. ப்ரீ. மூன்று விசில்.

சும்மா ஊதுகிறான், போ என்றது மனசு.

அரை நிமிடம் முன்னால் புறப்பட்டுப் போனவள் ஃப்ளோரா. போன வருஷம் ஜெயித்தவள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

விரல்கள் பிரேக்கை இறுக்கின.

சைக்கிள் மண்ணை வாரி இறைத்துவிட்டு நின்றது. காலை ஊன்றி, பாறையைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

பாதை காலி. ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன், வாயில் விசிலோடு அவளைப் பார்த்துக் கைதட்டினான்.

மிச்ச வழியெல்லாம் வெறிபிடித்தவள் மாதிரி மிதித்தாள். மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. அணிக்கு இரண்டு பேர் போதும்.

கோச் ஓடி வந்தார்.

"அவன் விளையாட்டுக்கு ஊதினாம்மா. மறுபடியும் ஏமாந்துட்டியே."

"வளைவு திரும்பினதுக்கு அப்புறம்தான சார் அது தெரியும்?"

 

அடுத்தது ஆண்கள் போட்டி. இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், எட்டாவது வளைவுக்கு ஏறினாள். மூச்சு வாங்கியது.

கூலிங் கிளாஸ்காரன் அவளை அடையாளம் கண்டு சிரித்தான். செல்ஃபி எடுக்கப் போனை நீட்டினான்.

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவன் சிரிப்பு அடங்கி, விசில் தொங்கிய கழுத்துக் கயிற்றைக் கழற்றும் வரை அப்படியே நின்றாள்.