கால்கண்ட சாட்சி

மேகம் பிரமாதம்.

பிழிந்தால் அரை வாளித் தண்ணீர் தேறும் போலிருந்தது.

விமானிகளைப் பழக்கும் சிமுலேட்டர் பெட்டிக்குள், அவர் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எதிரே வளைந்த திரை. திரையில் சென்னை.

விமான நிலையம் கிடக்கட்டும். பல்லாவரத்தில் ஒரு மொட்டை மாடி தெரிந்தது. மாடியில் கொடி. கொடியில் ஒரு சட்டை. அந்தச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்று எந்தக் கோர்ட்டிலும் அவர் சத்தியம் செய்வார்.

படம் புதிது. பழைய படத்தில் மரம் என்பது கவிழ்த்து வைத்த கோன் ஐஸ். வீடு என்பது தீப்பெட்டி. கடல், பள்ளிக்கூடக் கதவுக்கு அடிக்கிற நீலம். இருபத்திரண்டு வருடம் அந்தத் தீப்பெட்டிகளுக்கு நடுவில்தான் விமானிகளைத் தேற்றி அனுப்பினார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

பெடல் நிஜமாக இருந்தது. அதனால்.

ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது ஒரு இன்ஜின் செத்தால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். மறுபக்கத்துப் பெடலை மிதிக்க வேண்டும். கண் பார்த்து, மூளைக்கு மனுப் போட்டு, உத்தரவு வருவதற்குள் விமானம் புல் மேயப் போயிருக்கும்.

கால் முந்திக்கொள்ள வேண்டும்.

பெடலின் அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. அது நிஜ விமானத்தின் பெடல் போலவே இருக்கிறதா என்று சொல்லக் கருவி கிடையாது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய கால் சரி என்று சொல்லி, கை கையெழுத்துப் போட்டால்தான் புது விமானிகள் இந்தப் பெட்டிக்குள் ஏறலாம்.

பின்னால் பெர்பெச்சுவா இருந்தாள். இந்த சிமுலேட்டரின் இன்ஜினீயர். தூத்துக்குடிக்காரி. பதினெட்டு வருடமாக அவருடைய இன்ஜின்களைச் சாகடித்து வருபவள்.

"ஒரு இன்ஜினை எடுக்கட்டா, கேப்டன்?"

"சொல்லிட்டு எடுக்க நான் என்ன பச்சப் புள்ளையா? ரெண்டையும் எடு."

சொல்லாமல் எடுத்தாள். ஒன்றைத்தான்.

திரையில் ஓடுபாதை வலது பக்கம் வழுக்கியது. மூக்கு இடது பக்கம் போகிறது. வலது காலை மிதித்தார். நடுக்கோடு திரும்பி வந்து நேராக நின்றது, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி.

"படம் எப்படி, கேப்டன்?"

"படத்த விடு. பெடலப் பாரு. எருமை உதைக்கிற மாதிரில்ல உதைக்குது! முட்டி மோவாயில இடிச்சிருச்சு. அப்படியே நெஜ பிளேன்தான், போ."



திரும்பிப் பார்த்தார். அவள் தன் முன்னால் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெடலுக்கு இன்னும் கரண்டே குடுக்கல, கேப்டன். மிதிச்சா படம் திரும்பும், திருப்பி உதைக்காது. காலைல படம் மட்டும்தான்னு சொன்னம்லா."

அவர் குனிந்து பார்த்தார். பெடல் தொளதொளவென்று கிடந்தது. அதன் மேல் ஒரு ஷூ இருந்தது. ஷூவுக்குள் தன் கால் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

சர்க்கரை வந்து பதினொரு வருடம்.

போன மாதம் மாம்பலம் ஸ்டேஷன் படியில் செருப்பு ஒன்று கழன்று விழுந்திருக்கிறது. ஒற்றைச் செருப்போடு ரங்கநாதன் தெருவில் நடந்திருக்கிறார். ஒரு பூக்காரி அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். வீட்டில் சொல்லும்போது தெரு மூன்று கிலோமீட்டர் நீண்டது. ஓடிவந்தவர்கள் பதினைந்து பேர் ஆனார்கள், அதில் ஒரு போலீஸ்காரர். மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

செருப்பு கழன்றது எப்படித் தெரியாமல் போனது என்று அவள் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பயம் வர வேண்டும் என்று காத்திருந்தார்.

வரவில்லை. வெட்கமும் வரவில்லை. வெளியே எங்கோ ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் குடு" என்றார்.

"குடுக்கேன்."

"படத்த அணைச்சிரு. அங்கேருந்தே பெடலத் தள்ளு. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

பல்லாவரம் போனது. மேகம் போனது.

மோட்டார் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். அதில் அவள் குரல் மட்டும் வரும். கண்களையும் மூடிக்கொண்டார். ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். செருப்புக் கதையில் ஆட்களைக் கூட்டுவார். படிவத்தில் கூட்டியதில்லை.

அவள் இடது பெடலைத் தள்ளினாள்.

ஷூ நாடாவின் நுனி துள்ளியது.

காத்திருந்தாள். வலதைத் தள்ளினாள். காத்திருந்தாள். மறுபடி இடது. இந்த முறை முழு பலம், ஒரு இன்ஜின் சாகும்போது வருகிற அதே உதை. ஷூ ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்து நின்றது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூடிய கண். இலை போட்டாகிவிட்டது, சோறு வரவில்லை என்பது போல ஒரு பொறுமை.

"ம்" என்றார். "ஆரம்பிக்கலாம், பெர்பெச்சுவா."

அவளுடைய விரல் விசையிலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம், கேப்டன்" என்றாள். "இன்னும் கரண்ட் வரல."