ஏற்றத்தில் ஒரு விசில்

"இன்னும் ஒரு மூட்டை ஏத்தினாலும் லாரி விசில் அடிக்கும் மொதலாளி. பெறகு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது" என்றான் டிரைவர் தங்கையன்.

கொப்பரை வியாபாரி முத்துநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எண்பது மூட்டை தாங்கும் என்று சொல்லி அவர் தலையில் கட்டிய டீசல் லாரி அது. அறுபதுக்கு மேல் ஏற்றினால் நெய்யூர்ப் பக்கத்து ஏற்றத்தில் 'ஃபீ...' என்று ஊளையிடுகிறது. மீதி இருபது மூட்டையை வைகுண்டராஜனின் மாட்டுவண்டி ஆடி அசைந்து கோட்டாறு சந்தைக்குக் கொண்டுபோகிறது. ஆறு மாதமாக இதே கூத்துதான்.

1953-ல் புதுக்கடைக்கு டீசல் லாரி புதுசு. அதனால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சுடுகாட்டைத் தாண்டும்போது ஏதோ ஏறிக்கொண்டது, இறக்கிவிட வேண்டும் என்றார் ஒருவர். நெய்யூர் ஆஸ்பத்திரி வழியாகத்தானே போகிறது, அப்படியே டாக்டரிடம் காட்டி நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கச் சொன்னால் என்ன என்றார் இன்னொருவர். டீக்கடைக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

வைகுண்டராஜனுக்கு வந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம்.

"இரும்பு என்ன வே இரும்பு! எனக்க காளைக்கு ஏற்றத்துல விசிலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்று வண்டியில் எழுந்து நின்றே சொல்லுவார்.

"லாரி சரியாகட்டும் ஓய், உம்ம வண்டியை இந்த முற்றத்துப் பக்கம் அண்ட விடமாட்டேன்!" என்று முத்துநாயகம் கத்துவார்.

"சரியாகும்போ பாப்போம். இப்ப மூட்டையை எடுத்துப் போடச் சொல்லும்."

முத்துநாயகத்தின் மனைவி பகவதியம்மாளுக்குத்தான் இது பொறுக்கவில்லை.

"லாரியும் ஓடணும், மாட்டுவண்டிக்கும் கூலி குடுக்கணுமா? டிரைவரும் வண்டிக்காரனும் சேந்து நம்ம தலையில மொளகா அரைக்கானுவ. நீங்க வாயைப் பொளந்துட்டு நில்லுங்க!"

"எஞ்சினுக்க கொணம் அப்படி. அதுக்கு நான் என்னட்டி செய்ய?"

ஊரையே அதட்டுகிற மனுஷன், வீட்டில் மட்டும் பூனை.

மறுநாளே நாகர்கோவிலில் மெக்கானிக்காக இருக்கும் தன் தம்பி குமாரதாஸை வரவழைத்துவிட்டாள் பகவதியம்மாள். கரியை எரித்து பஸ் ஓட்டிய காலத்திலிருந்து எஞ்சின்களோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன். பெண்டாட்டி கூப்பாடு போட்டால் காதில் விழாது, எஞ்சின் முனகினால் விழும்.

வைகுண்டராஜனின் வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்குரூடிரைவர் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டான். சாமி முன்னால்கூட அவன் அப்படி நின்றதில்லை.

"டக்டக்குன்னா வால்வு. கொடகொடன்னா பேரிங். ரெண்டும் சுத்தமா இருக்குக்கா. ஏலே தங்கையா, ஆக்ஸிலேட்டரை நல்லா மிதி!"

"வேண்டாம் மச்சான், எஞ்சின் சூடாயிரும்" என்று முத்துநாயகம் குறுக்கே பாய்ந்தார்.

"நீங்க சும்மா இரிங்க" என்றாள் மனைவி.

தங்கையன் மனசில்லாமல் மிதித்தான். 'ஃபீ...'

குமாரதாஸ் கண்ணைத் திறந்தான். "அத்தான், இது எஞ்சினுக்க சத்தமே இல்ல. எஞ்சின் உள்ள இழுக்குற காத்துக்க சத்தம். ஓங்கி மிதிச்சா காத்தும் கூடும், சத்தமும் கூடும். லோடு கொறஞ்சா ஏற்றத்துல இவ்வளவு மிதிக்க வேண்டாம். அதான் அப்போ கேக்கல்ல."

காற்றுக் குழாயைக் கழற்றினான். உள்ளே குறடை விட்டு முறுக்கி இழுத்தான். திருவிழாக் கடையில் பிள்ளைகள் அழுது வாங்குமே, அந்தப் பீப்பி ஒன்று கம்பிக் கட்டோடு வெளியே வந்தது.

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பகவதியம்மாள் சிரிக்கவில்லை.

"தங்கையா, லாரியை விட்டு எறங்கு. நாளைக்கு நீ வரண்டாம். வண்டிக்காரன் உனக்கு என்னலே தாறான்?"

தங்கையன் மெல்ல இறங்கி வந்தான்.

"ஒரு சக்கரம் காசு தரல்லம்மா. அவருக்கு இது அறியவே அறியாது. லாரி வந்த வாரம், இனி வேலையில்லன்னு காளை ரெண்டையும் கசாப்புக்கு விக்கக் கொண்டு போனாரு. வழியில நிறுத்தி அதுகளைக் கெட்டிப்பிடிச்சுட்டு அழுதாரு. சும்மா பைசா குடுத்தா நம்ம மூஞ்சியில எறிவாரு. மூட்டை குடுத்தா வாங்குவாரு. எனக்கு வேற வழி தெரியல்ல."

சிரித்தவர்கள் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தங்கையன் குமாரதாஸின் கையில் இருந்ததை உற்றுப் பார்த்தான்.

"ஆனா... நான் வச்சது தகரப் பீப்பி. இது பித்தளையாட்டுல்ல இருக்கு?"

குமாரதாஸ் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவன் கவலையெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான்.

"தகரமோ பித்தளையோ, கெட்டினவனைச் செருப்பால அடிக்கணும்! கம்பிக்கெட்டு நெகிழ்ந்து உள்ள விழுந்திருந்தா எஞ்சின் சுக்குநூறாப் போயிருக்கும். வேலை தெரியாத மடையன்!"

முத்துநாயகத்துக்கு வந்ததே கோபம்.

"ஆருலே மடையன்? அது எப்படிலே நெகிழும்? இத்துப்போன தகரத்தை எடுத்துட்டு, ரெண்டு கம்பி சேத்து முறுக்கி நாந்தானே கெட்டினேன்!"