சுருக்கச் சொன்னார் அப்பா

நாளைக் காலைக்குள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுக்காவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மகள் எழுதிக் காட்டிய தாளைப் பார்த்து அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெறும் ‘தண்ணீர்’னு ஒரு தலைப்பா? கடலைக் கொண்டுவந்து சொம்புல ஊத்தப் பாக்கறியா? சுருக்கு!” தாளைக் கசக்கி மூலையில் எறிந்தார்.

“‘உலகத் தண்ணீர்ப் பஞ்சம்’?”

“உலகத்தை நீ பாத்தியா? கண்ணால பாத்ததை எழுதும்மா.”

“‘நம்ம ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம்’?”

“ஊர் முழுக்க அலைவியா? இன்னும் சுருக்கு!”

“சரி, நம்ம தெரு. போதுமா?”

“இதுல கேள்வி எங்கடி? ஊரே ஒரு மாதிரி இருக்கும்போது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கும் பாரு, அங்க போய் ‘ஏன்’னு கேக்கணும். அதுதான் ஆய்வு!” அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “உனக்குச் சொல்றதுக்குச் சுவத்துக்குச் சொல்லலாம்.”

மகள் ஜன்னல் வழியே பார்த்தாள். தெருவே காலிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்காக நின்றுகொண்டிருந்தது. உள்ளே, குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று எழுதி நீட்டினாள்.

‘தெருவே தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது, எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டுவது ஏன்?’

குடிநீர் வாரியப் பொறியாளரான அப்பா அதை இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் குழாயை மூடினார். பிறகு மூலையில் கிடந்த முதல் தாளைத் தேடி எடுத்து, மேசையில் வைத்து நீவிவிட்டார்.

“ரொம்பச் சுருக்கிட்டியேம்மா! ‘தண்ணீர்’னே இருக்கட்டும். மனுஷனுக்குக் கொஞ்சம் பரந்த பார்வை வேணும்.”