தேய்த்த இடம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, சிரிக்கவும் முகஞ்சுளிக்கவும் ஒரு கதை வைத்திருக்கிறேன்.

ஒரு மாமியாரின் அறைக் கதவு கிரீச்சென்று கத்தியது. மருமகள் உள்ளே வந்தாள், கையில் மஞ்சளாக ஒரு கட்டியோடு.

“தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் உருக்கி நானே அச்சுல ஊத்தினேன் அத்தை. தேய்ச்சா உடம்புச் சூட்டுலயே உருகும். உங்க குதிகால் வெடிப்புக்குத்தான்.”

தொட்டதுமே பிசுபிசுவென்று ஒட்டியது. மாமியார் விரலை மறைவாக முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இருந்தாலும், நல்ல மாமியார் என்று எடுத்த பேர் கெட்டுவிடக் கூடாதே! “என் தங்கமே!” என்று வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாப்பிடும்போது மருமகள் ஆசையாகக் கேட்டாள். “தேய்ச்சீங்களா அத்தை?”

“தேய்ச்சேன்மா. என்னமா வழுக்குது!”

மருமகளுக்கு முகமெல்லாம் பல்.

மாலையில் மாமியார் தன் அறையில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தங்கையிடம் போனில் கொட்டித் தீர்த்தாள்.

“உவ்வே! காதுக்குறும்பியை உருட்டி வெச்ச மாதிரி இருக்குடி. அதைப் போய் மேல பூசுவாங்களா? எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில அந்தப் பிசுக்கு போகலை.”

“அப்ப எங்கதான்க்கா தேய்ச்சே?”

“கதவுக் கீல்லதான்!”

“ஐயோ, மெல்லப் பேசு! மருமக காதுல விழப்போகுது.”

“அவ வந்தா இந்தக் கதவு ஊரையே கூட்டிடுமே, எனக்குத் தெரியாதா?”

“இனிமே கூட்டாது அத்தை” என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

உங்கள் வீட்டுக் கதவெல்லாம் சத்தமில்லாமல் திறக்கட்டும், கண்ணுங்களா. உள்ளே பேசுவதும் எல்லோரும் கேட்கும்படியே இருக்கட்டும்.