எடைக் கம்பி

விடிகாலை மூன்று மணிக்கு, கையில் வெளிச்சம் இல்லாமல், உப்பள வரப்பில் ஐந்தாறு பேர் வந்தால் அவர்கள் யாராக இருப்பார்கள்?

பிரபாகரனுக்குச் சந்தேகமே இல்லை. நல்ல காரியத்துக்கு வருகிறவன் எதற்கு இருட்டில் வருகிறான்?

சதீஷ் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

பிரபாகரனுக்குத் திண்டிவனத்தில் மருந்துக்கடை. ஐம்பத்து மூன்று வயதில் வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. வானம் நகர நகர டெலஸ்கோப்பையும் கூடவே திருப்பிக்கொண்டு போகும் மவுண்ட் ஒன்று தேவைப்பட்டது. அதே பைத்தியம் பிடித்த குயிலாப்பாளையத்து சதீஷ் தன்னிடம் இருந்த இரண்டைக் கொடுத்து, இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னான்.

ஒன்றை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் கடல் காற்றுக்கு ஆடும். காமிராவை ஒரு நிமிஷம் திறந்து வைத்தாலே நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். இன்னொன்று ஆட்டுக்கல் கனம்.

"கனமானதையே வெச்சுக்கங்க சார். பத்து நிமிஷம் திறந்து வெச்சாலும் அசையாது."

"யாராவது வந்தா இதை எப்படிப்பா தூக்கிட்டு ஓடறது?"

சதீஷ் சிரித்தான். "படம் எடுக்கப் போறீங்களா, ஓடப் போறீங்களா?"

இன்றைக்குக் கனமானதன் முறை. மரக்காணத்தில் துருவ நட்சத்திரம் பனைமர உயரத்துக்குத்தான் தெரியும். அடிவானத்து மங்கலில் அதைத் தேடி, மவுண்ட்டை அதற்கு நேராக நிறுத்தவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது காமிரா திறந்து நாலு நிமிஷம். இன்னும் ஆறு நிமிஷம்.

அவர் கார் ரோட்டில் இருந்தது. இங்கிருந்து அரை கிலோமீட்டர்.

உருவங்கள் ஓர் உப்புக் குவியலைக் கடந்தன. வெள்ளைக் குவியலுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கறுப்பாகத் தெரிந்தன. தோளில் நீளநீளமாகக் கழிகள். ஒருவரும் பேசவில்லை.

அப்போதுதான் அவருக்குப் போன அமாவாசை ஞாபகம் வந்தது. அன்றும் இதே இடம், சின்ன மவுண்ட். மூன்று மணிக்கு உப்பு வாருகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாப் படமும் வெளுத்துப் போயிற்று. காலையில் டீக்கடையில் அவர்களுடைய மேஸ்திரி கன்னியப்பனைப் பிடித்து, படத்தைக் காட்டிக் குறைபட்டுக்கொண்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. சொல்லி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

என்ன சொல்லி வைத்தாரோ.

வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்கிறவர்களைப் பார்த்து விளக்கை அணை என்று சொல்ல நான் யார்? அன்றைக்கே வந்திருக்க வேண்டிய கேள்வி. கழியோடு ஆட்கள் வந்த பிறகு வந்தது.

பாத்தியில் தொப்பென்று ஏதோ விழுந்தது. அடக்கிய ஒரு முனகல். பிறகு யாரோ கிசுகிசுத்தது காற்றில் தெளிவாகக் கேட்டது.

"மெதுவா. ஆளு அங்கதான் இருக்காரு."

பிரபாகரன் செல்போனை எடுத்தார். யாரைக் கூப்பிட்டாலும் வந்து சேர அரை மணி ஆகும். கை தானாக மவுண்ட்டைத் தடவியது. டெலஸ்கோப்புக்கு எதிர்ப்பக்கம், பாரம் சமமாக இருப்பதற்காக, நுனியில் இரும்பு எடை கோத்த ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருகிக் கழற்றினார்.

எடை போனதும் மோட்டார் முனகியது. டெலஸ்கோப் மெல்லச் சரிந்து தலைகுப்புறத் தொங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பியை ஓங்கிக்கொண்டு நின்றார்.

முதல் உருவம் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது.

"யாரது? அங்கியே நில்லுங்க."

"நாங்கதான் சார். உப்பு வார்றவங்க."

பெண் குரல். அவள் பெயர் பாஞ்சாலை என்று பிறகு தெரிந்தது. பின்னால் இன்னும் ஐந்து பெண்கள். தோளில் இருந்தவை நீளக் கழியில் பொருத்திய உப்பு வாரும் பலகைகள். கடைசியில் நின்றவள் நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"லைட்டு எங்கம்மா? இருட்டுல ஏன் வர்றீங்க?"

"தலையிலதான் சார் இருக்குது. ரோட்டுலயே அணைச்சிட்டோம். எங்க வெளிச்சம் பட்டு உங்க படமெல்லாம் வெளுத்துப் போச்சுன்னு மேஸ்திரி சொன்னாரு. உங்க காரைப் பார்த்தோம்."

"விழுந்தது யாரு?"

"வசந்தா. முட்டியில லேசா தேய்ச்சிருக்கு. உப்புல ஊறின காலு சார், கெட்டா போயிடும்?"

வசந்தா உட்படச் சிரித்தார்கள், சத்தம் வராமல்.

பிறகு ஒவ்வொருத்தியாக வரப்பில் உட்கார்ந்தார்கள். அவர் முடித்ததும் சொன்னால் போதும், லைட்டைப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவார்களாம். வெயிலுக்கு முன் வாரி முடிக்க வேண்டிய உப்பு பாத்தியில் கிடந்தது.

"கையில என்ன சார்?"

பிரபாகரன் ஓங்கிய கையை அப்போதுதான் இறக்கினார். "இது... இதோட எடைம்மா."

பாஞ்சாலை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "இம்மாங் கனத்தை ஒண்டியாவா தூக்கியாந்தீங்க? அடுத்த அமாவாசைக்குச் சொல்லி அனுப்புங்க. ரோட்டுலேர்ந்து ரெண்டு பேரு தூக்கியாந்து வெச்சிட்டுப் போறோம்."

கம்பியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தபோதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது போலிருந்தது. கொஞ்சம் பயத்தோடு கேட்டாள்.

"படம் கெட்டுப் போகலியே சார், எங்களால?"

பிரபாகரன் தலைகுப்புறத் தொங்கிய டெலஸ்கோப்பைப் பார்த்தார்.

"உங்களால கெடலம்மா."